33550336 நிறைவெண் என்பதை எப்படி உறுதிசெய்வது?

கல்முனையிலிருந்து தந்தை ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விடைக்கு வருகிறேன். தரம் 11 இல் படிக்கும் அவருடைய மகளிடம் பாடசாலைக் கணித வினாடி வினா ஒன்றில் 33550336 என்ற எண்ணின் சிறப்பு யாது என்று கேட்டிருக்கிறார்கள். ‘அது ஐந்தாவது நிறைவெண்’ என்பது விடையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து தேடியபோது அதே எண்ணுக்கு முக்கோண எண், அறுகோண எண் என்று இன்னும் பல பட்டங்கள் கிடைத்திருக்கின்றன. இலக்கங்களைக் கூட்டினால் 28 வருகிறது, 28உம் நிறைவெண், ஆகவே இது மிகுந்த இராசியுள்ள எண் என்று உறவினர் ஒருவரும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நிறைவெண் என்றால் என்ன என்பது தந்தைக்குத் தெரிந்தே இருக்கிறது. எட்டு இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் காரணிகள் ஒன்றும் விடுபடவில்லை என்று எப்படி நம்புவது, இத்தனை பட்டங்களில் எவை நிறுவப்பட்டவை, எவை வெறும் தற்செயல் என்பதே அவர் உண்மையில் கேட்பது. மட்டக்களப்பில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பித்துவந்தவன் என்ற முறையில், மகளே கொப்பியில் செய்து பார்க்கக்கூடிய விதமாக விடையளிக்க முயல்கிறேன்.

ஓர் எண்ணை அதன் காரணிகளைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிப்பது மிகப் பழைய வழக்கம். எண்ணைத் தவிர்ந்த ஏனைய காரணிகளைக் கூட்டும்போது எண்ணிலும் குறைவாக வந்தால் அது குறையெண், கூடுதலாக வந்தால் மிகையெண், சரியாக அந்த எண்ணே வந்தால் நிறைவெண். 8 இற்கு 1, 2, 4 சேர்ந்து 7 வருவதால் அது குறையெண். 12 இற்கு 1, 2, 3, 4, 6 சேர்ந்து 16 வருவதால் அது மிகையெண். 6 இற்கு 1, 2, 3 சேர்ந்து 6. அடுத்த நிறைவெண்கள் 28, 496, 8128. அதன் பின்பு நீண்ட இடைவெளி விட்டு வருவதுதான் நம்முடைய எண்.

காரணிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 33550336 ஐ 2 ஆல் வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டு தடவை மீதியின்றி வகுபட்டு 8191 என்ற ஒற்றை எண்ணில் வந்து நிற்கும். எனவே 33550336 = 2¹² × 8191, அதாவது 4096 × 8191. 8191 ஒரு முதன்மை எண் என்று இப்போதைக்கு எடுத்துக்கொள்வோம், அதைப் பின்னர் சோதிக்கலாம். அப்படியானால் இந்த எண்ணின் காரணி எதுவும் 2 இன் அடுக்கு ஒன்றாகவோ அப்படிப்பட்ட ஓர் அடுக்கை 8191 ஆல் பெருக்கியதாகவோதான் இருக்க முடியும். கொப்பியின் ஒரு பக்கத்தை இரண்டு நிரல்களாகப் பிரித்து, இடது நிரலில் 1, 2, 4, 8 என்று தொடங்கி 4096 வரை 13 எண்களையும், வலது நிரலில் 8191, 16382, 32764, 65528 என்று இரட்டித்துக்கொண்டே போய் 16775168 வரை 12 எண்களையும் எழுதச் சொல்லுங்கள். எண்ணையும் சேர்த்தால் மொத்தம் 26 காரணிகள். வேறு எதுவும் ஒளிந்திருக்க இடமில்லை.

இனிக் கூட்டல். இடது நிரல் பொதுவிகிதம் 2 ஆகவுள்ள பெருக்கல் விருத்தி. அதன் கூட்டுத்தொகை 2¹³ − 1, அதாவது 8191. வலது நிரலின் கூட்டுத்தொகை 8191 × (2¹² − 1) = 8191 × 4095 = 33542145. இரண்டையும் சேர்த்தால் 33550336. கணிப்பானே தேவைப்படாத இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, இடது நிரல் முழுவதும் சேர்ந்து வலது நிரலின் முதல் எண்ணான 8191 ஐத் தருகிறது என்பது. வலது நிரலில் 8191 இன் 4095 மடங்கு இருக்கிறது, இடது நிரல் இன்னும் ஒரு 8191 ஐக் கொடுத்து அதை 4096 மடங்காக்குகிறது. இந்த ஒழுங்கைப் பொதுவான தேற்றமாக பண்டைய கிரேக்கக் கணிதவியலர் யூக்கிளிட் ‘மூலங்கள்’ (Elements) என்ற தம்முடைய தொகுதியின் ஒன்பதாவது நூலில் 36ஆவது கூற்றில் நிறுவியிருக்கிறார்: 2ᵖ − 1 முதன்மை எண்ணானால் 2ᵖ⁻¹ × (2ᵖ − 1) நிறைவெண். நம்முடைய எண்ணில் p இன் பெறுமானம் 13.

ஆகவே எல்லாம் 8191 முதன்மை எண்ணா என்ற ஒன்றிலேயே தங்கியிருக்கிறது. நேர்வழியில் சோதிப்பதானால், 8191 இன் வர்க்கமூலம் 90 இற்கும் 91 இற்கும் இடையில் இருப்பதால், 89 வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அது ஒரு பிற்பகல் வேலை. ஆனால் 1640 ஆம் ஆண்டளவில் பேர்மா கண்டறிந்த ஒரு பண்பு இந்த வேலையைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கிவிடுகிறது. p ஓர் ஒற்றை முதன்மை எண்ணாயின், 2ᵖ − 1 இன் முதன்மைக் காரணி எதுவும் 2p ஆல் வகுக்கப்படும்போது மீதி 1 ஐத் தரவேண்டும். இங்கே 2p = 26. 26 இன் மடங்குகளோடு 1 ஐக் கூட்டினால் 90 இற்குள் வருபவை 27, 53, 79 மட்டுமே, அவற்றிலும் 27 முதன்மை எண் அன்று. 8191 ஐ 53 ஆல் வகுத்தால் மீதி 29, 79 ஆல் வகுத்தால் மீதி 54. அவ்வளவுதான், 8191 முதன்மை எண் என்பது முடிந்த விடயம். (அந்தக் காரணிகள் 8 ஆல் வகுக்கப்படும்போது மீதி 1 அல்லது 7 வரவேண்டும் என்ற இன்னொரு விதியும் உண்டு. அதையும் சேர்த்தால் 53 கூடத் தேவையில்லை, 79 என்ற ஒரே வகுத்தல் போதும்.)

‘ஐந்தாவது’ என்ற சொல்லுக்கும் தனியாக நியாயம் சொல்லவேண்டும், ஏனெனில் நிறைவெண் என்று காட்டுவது ஒன்று, அதற்கு முன்னால் நான்குதான் உண்டு என்று காட்டுவது வேறொன்று. இரட்டை நிறைவெண்கள் யாவும் யூக்கிளிட்டின் வடிவத்திலேயே இருந்தாக வேண்டும் என்பதை ஒயிலர் 18ஆம் நூற்றாண்டில் நிறுவினார். அந்த நிறுவல் அவர் இறந்து நெடுங்காலம் சென்று 1849 இல் தான் அச்சானது. அதன் சாரம் சிறியது. இரட்டை நிறைவெண்ணொன்றை 2ᵏ × m என எழுதுங்கள், m ஒற்றை எண். காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணின் இருமடங்கு என்ற நிபந்தனையிலிருந்து, m ஆனது (2ᵏ⁺¹ − 1) × c என்ற வடிவில் இருக்கவேண்டும் என்றும், m இன் காரணிகள் எல்லாவற்றினதும் கூட்டுத்தொகை m + c ஆகவேண்டும் என்றும் வருகிறது. ஆனால் m, c ஆகிய இரண்டுமே m இன் காரணிகள், எனவே அவற்றைத் தவிர வேறு காரணி இருக்க இடமில்லை. ஆகவே c = 1, m முதன்மை எண். மேலும் p பகுக்கக்கூடிய எண்ணாக இருந்தால் 2ᵖ − 1 உம் பகுக்கக்கூடியதாகிவிடும். எனவே 2, 3, 5, 7 ஆகியவற்றின் பின் 13 இற்கு முன்னால் நாம் சோதிக்க வேண்டியது 11 ஒன்றைத்தான். அதுவோ 2047 = 23 × 89 என்று உடனே உடைந்துவிடுகிறது. இதனால் 1024 × 2047 = 2096128 நிறைவெண் ஆவதில்லை. அதன் ஏனைய காரணிகளைக் கூட்டினால் 2325392 வருவதால் அது மிகையெண். ஒற்றை நிறைவெண் ஏதாவது இடையில் இருக்குமோ என்ற ஐயமும் இங்கே எழாது. ஓச்செம், ராவ் ஆகிய இருவரும் 2012 இல் வெளியிட்ட முடிவின்படி 10¹⁵⁰⁰ வரை ஒற்றை நிறைவெண் எதுவும் இல்லை. ஆகவே இரட்டை, ஒற்றை என்ற வேறுபாடின்றி ‘ஐந்தாவது’ என்பது உறுதி.

என் பார்வையில் இந்த எண்ணின் உண்மையான சிறப்பு, முதல் நான்கையும் பார்த்து மனிதர் கட்டிய அழகான ஊகங்கள் இதன் அருகில் வந்துதான் உடைகின்றன என்பதே. 2, 3, 5, 7 என்ற முதல் நான்கு முதன்மை எண்களும் ஆளுக்கொரு நிறைவெண்ணைத் தருவதைக் கண்டவர், எல்லா முதன்மை எண்ணும் தரும் என்று நினைப்பது இயல்பு. 11 அதைக் கெடுக்கிறது. கி.பி. 100 அளவில் வாழ்ந்த கிரேக்கக் கணிதவியலர் நிக்கோமாக்கசு, ஒன்றின் இடம், பத்தின் இடம், நூறின் இடம் என ஒவ்வோர் இலக்க அளவிலும் ஒரு நிறைவெண் உண்டு என்றும், அவை 6 இலும் 8 இலும் மாறி மாறி முடியும் என்றும் எழுதினார். 6, 28, 496, 8128 ஐப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஐந்தாவது எண் எட்டு இலக்கங்களோடு வந்து முதற்கூற்றை இல்லாமற் செய்கிறது. ஐந்தாவது 6 இல் முடிய, ஆறாவதான 8589869056 உம் 6 இலேயே முடிந்து இரண்டாம் கூற்றையும் இல்லாமற் செய்கிறது. இதற்கான காரணம் எளிது: p ஐ 4 ஆல் வகுக்க மீதி 1 வந்தால் நிறைவெண் 6 இலும், மீதி 3 வந்தால் 8 இலும் முடியும். 13, 17 இரண்டும் மீதி 1 தருபவை. நிக்கோமாக்கசுவின் கூற்றுகள் பல நூற்றாண்டுகள் மேற்கோளாகவே வாழ்ந்தன என்பதையும், 13ஆம் நூற்றாண்டின் அரபுக் கணிதவியலர் இப்னு பல்லூஸ் முதல் ஏழு நிறைவெண்களையும் சரியாகக் கொடுத்திருந்தும் ஐரோப்பாவில் 33550336 ஆனது 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில்தான் பெயரறியாத ஒருவரின் எழுத்தில் தென்படுகிறது என்பதையும் மாணவருக்குச் சொல்வதுண்டு. நான்கு உறுப்புகளைப் பார்த்து ஐந்தாவதை எழுதும் பழக்கம் நம்முடைய வினாத்தாள்களிலும் நிறையவே இருக்கிறது.

ஏனைய பட்டங்களில் பெரும்பாலானவை தனித்தனிச் சிறப்புகள் அல்ல, 2¹² × (2¹³ − 1) என்ற வடிவத்தின் கிளைகள். 1 முதல் 8191 வரை கூட்டினால் 8191 × 8192 ÷ 2, அதாவது நம்முடைய எண், ஆகவே முக்கோண எண். n × (2n − 1) என்ற வடிவில் வருவது nஆவது அறுகோண எண், இதை 4096 × (2 × 4096 − 1) என எழுதலாம் என்பதால் 4096ஆவது அறுகோண எண். துவித முறையில் எழுதினால் 13 ஒன்றுகளும் அவற்றைத் தொடர்ந்து 12 பூச்சியங்களும். 1, 3, 5 என்று 127 வரையுள்ள 64 ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே வரும். காரணிகளின் தலைகீழ்களைக் கூட்டினால் 2, அதனால் காரணிகளின் இசைச் சராசரி, அதாவது காரணிகளின் எண்ணிக்கையை அந்தத் தலைகீழ்களின் கூட்டுத்தொகையால் வகுப்பது, 26 ஐ 2 ஆல் வகுத்த 13 என்ற முழு எண். அவ்வாறு முழு எண் சராசரி வரும் எண்களை நோர்வேயின் கணிதவியலர் ஒய்ஸ்டீன் ஓர் 1948 இல் ஆராய்ந்தார், எல்லா நிறைவெண்களும் அதில் அடங்கும். இவையெல்லாம் நிறுவப்பட்டவை, ஆனால் புதிதாக ஒன்றும் சொல்பவை அல்ல.

இணையப் பட்டியல்களில் அதிகம் காணாத ஒரு பண்பு எனக்கு இவற்றைவிடச் சுவையானது. இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவோ எழுதவே முடியாது. ஒரு வர்க்கத்தை 8 ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 ஆகியவற்றில் ஒன்றுதான். அவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 8 ஆல் வகுக்க மீதி 7 வராது. 8191 ஐ 8 ஆல் வகுத்தால் மீதி 7, எனவே 8191 ஐ மூன்று வர்க்கங்களால் எழுத முடியாது. இனி, மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4 ஆல் வகுபடுமானால் மூன்றும் இரட்டை எண்களின் வர்க்கங்களாகவே இருக்க வேண்டும், ஆகவே எல்லாவற்றையும் 4 ஆல் வகுத்துக் கீழே இறங்கலாம். 33550336 இலிருந்து ஆறு தடவை இறங்கினால் 8191 இல் வந்து முட்டிக்கொள்கிறோம். எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்பது லக்ராஞ்சி 1770 இல் நிறுவிய தேற்றம். நம்முடைய எண்ணுக்கு அந்த நான்கும் கட்டாயம் தேவைப்படுகின்றன. தேடினால் நேர்த்தியான ஒரு விடை கிடைக்கும்: 8191 = 90² + 9² + 3² + 1². ஒவ்வொன்றையும் 64 ஆல் பெருக்கினால் 5760² + 576² + 192² + 64² = 33550336. மகள் இதைக் கூட்டிச் சரிபார்த்தால் மகிழ்வார் என்று நினைக்கிறேன்.

உறவினர் சொன்ன 28 பற்றி. 3 + 3 + 5 + 5 + 0 + 3 + 3 + 6 என்று கூட்டினால் 28 வருவது உண்மைதான். ஆனால் அது பத்தை அடியாகக் கொண்டு நாம் எழுதும் முறையினால் நேர்ந்த தற்செயல். 8128 இன் இலக்கங்கள் 19 ஐயே தருகின்றன, 19 நிறைவெண் அன்று. ஆனால் இதே கூட்டலில் தற்செயல் அல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. 28 ஐ மேலும் கூட்டினால் 10, அதன்பின் 1. 6 ஐத் தவிர்ந்த இரட்டை நிறைவெண் எதை எடுத்து இப்படிக் கூட்டிக்கொண்டே போனாலும் 1 இல் தான் முடியும், ஏனெனில் அவை யாவும் 9 ஆல் வகுக்க மீதி 1 தருவன என்று நிறுவலாம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். கப்ரேக்கர் பெயரிட்ட ஹர்ஷத் எண், அதாவது தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண் என்ற வகையில் 33550336 சேராது. 28 ஆல் வகுபட 7 காரணியாக இருக்க வேண்டும், 8191 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 1. இராசியைப் பொறுத்தவரை, ஓர் எண்ணின் காரணிகளுக்கும் ஒருவருடைய வாழ்வுக்கும் தொடர்பு காட்டும் தேற்றம் எதுவும் கணிதத்தில் இல்லை. அதை உறவினரிடம் பக்குவமாகச் சொல்வது உங்கள் பொறுப்பு.

இறுதியாக, எவருக்கும் விடை தெரியாதவை. நிறைவெண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பது நிறுவப்படவில்லை. 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற முதன்மை எண்ணோடு அறியப்பட்ட நிறைவெண்கள் 52 ஆகின, அவற்றுள் இறுதியானது 8 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்டது. முடிவில்லை என்றே பலரும் எதிர்பார்க்கின்றனர், ஆனால் எதிர்பார்ப்பு நிறுவலாகாது. ஒற்றை நிறைவெண் ஒன்று இருக்கிறதா என்பதும் அப்படியே. 10¹⁵⁰⁰ என்பது எவ்வளவு பெரிதாயினும் எண்களுக்கு அது தொடக்கம்தான். 8191 ஐச் சுற்றியும் ஒரு புதிர் உண்டு. அது அடி 2 இல் 13 ஒன்றுகளாகவும், 90² + 90 + 1 என்பதால் அடி 90 இல் 111 என்றும் எழுதப்படுகிறது. இப்படி இரண்டு வெவ்வேறு அடிகளில், மூன்று இலக்கங்களுக்குக் குறையாமல், எல்லா இலக்கமும் ஒன்றாக வரும் எண்கள் 31, 8191 ஆகிய இரண்டு மட்டுமே அறியப்பட்டுள்ளன. வேறு இல்லை என்பது கூர்மாக்டீக்கின் ஊகம், இன்றுவரை நிறுவப்படாதது. ஊகம் ஒன்று பொய்த்த கதையும் இதே எண்ணுக்கு உண்டு. 3, 7, 31, 127 ஆகிய முதன்மை எண்களை அடுக்காக வைத்து 2 ஐ உயர்த்தி 1 ஐக் கழித்தால் மீண்டும் முதன்மை எண்ணே வருகிறது. 2⁸¹⁹¹ − 1 உம் அப்படி இருக்குமா என்பதை 1953 இல் டேவிட் வீலர் அக்காலக் கணினி ஒன்றில் சோதித்து, அது முதன்மை எண் அன்று என்று காட்டினார்.

மகளுக்கு ஒரு பயிற்சி: அடுத்த நிறைவெண்ணுக்கு 2¹⁷ − 1 = 131071 முதன்மை எண்தானா என்று அவரே காட்டட்டும். வர்க்கமூலம் 362 இற்குச் சற்று மேல். 34 இன் மடங்குகளோடு 1 ஐக் கூட்டி, 8 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 தரும் முதன்மை எண்களை மட்டும் எடுத்தால் எஞ்சுபவை 103, 137, 239. மூன்று வகுத்தல்கள், மீதிகள் 55, 99, 99. கடைசி இரண்டும் ஏன் ஒரே மீதியைத் தருகின்றன என்பதற்கு 130972 ஐக் காரணிப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.